என்னையச் சந்தேகப்பட்டது போதும், எய்யா

ஒங்க தொழிலைப் பத்திப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு கேப்ப. ஒரு யோக்கியதையும் கெடையாது. அதனாலதான் தைரியமாப் பேசறேன். நீ ஊருக்கு வந்தா திண்ணையில உக்காந்து, காதுல மாட்டிக்கிட்டு, லேப்டாப்புல தெரியிற ஆளுக கூட மணிக்கணக்காப் பேசுவியே, அப்பல்லாம் கெழவன் தூங்கறான்னு நெனச்ச. எழுபது தாண்டினவன் கண்ணை மூடறது தூங்கறதுக்கில்லை எய்யா, கேக்கறதுக்கு. வெளங்காததை எல்லாம் ஒன் தம்பியைக் கூப்பிட்டு வச்சு ஒண்ணொண்ணாக் கேட்டுக்கிட்டேன். பய ஒன்னைவிட நல்லாச் சொல்லித் தாரான். ஒன்னைய மாதிரி, "அது ஒங்களுக்குப் புரியாது தாத்தா"ன்னு சொல்றதில்லை.

மொதல்ல என் வழக்கைச் சொல்லிடறேன். பாங்கி ஆப்புல போய்ப் பென்சன் வந்திருக்கான்னு பாக்கணும். பாஸ்வேர்டு போடுங்குது. போட்டேன். பெரிய எழுத்து இல்லைங்குது. போட்டேன். நம்பர் இல்லைங்குது. அதையும் போட்டேன். குறி ஒண்ணு வேணுமாம், ஆச்சரியக்குறி மாதிரி. நான் ஆச்சரியப்பட்டுத்தான் உக்காந்திருக்கேன், அதுக்குத் தனியா ஒரு குறி வேற போடணுமாக்கும்! மூணு மாசம் போனா, இது பழசு, மாத்துங்குது. மாத்தினா, பழசு மாதிரியே இருக்குன்னு தள்ளுது. இன்னொரு எடத்துல நான் மனுசன்தானான்னு கேட்டாக. பஸ் இருக்கிற படத்தையெல்லாம் தொட்டுக் காட்டணுமாம். நம்ம ஊருக்கு வாரதே காலையில ஒண்ணு, பொழுதுசாய ஒண்ணு. அதையே நான் பாதி நாள் தவறவிடறேன். கேக்கறது ஒரு மிஷினு. மிஷினு முன்னாடி நான் மனுசன்னு சாட்சி சொல்லிக்கிட்டு நிக்கேன்.

இந்தப் பாஸ்வேர்டுச் சட்டத்தை யாரு போட்டதுன்னு தம்பி தேடிச் சொன்னான். அமெரிக்காவுல நிஸ்ட்னு ஒரு அரசாங்க ஆபீசு. அளவு, தரம் இதுகளைப் பாக்கிற எடம். அங்க பில் பர்னு ஒரு அதிகாரி 2003-ல எழுதி வச்சிருக்கார்: பெரிய எழுத்து கலக்கணும், நம்பர் கலக்கணும், குறி கலக்கணும், அப்பப்ப மாத்தணும். ஒலகம் பூரா அதைப் பிடிச்சுக்கிட்டது. சனம் என்ன செஞ்சது? மொத எழுத்தைப் பெரிசாக்கிக் கடைசியில 1 போட்டது. மாத்தச் சொன்னா 2 போட்டது. திருடனுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? 2017-ல நிஸ்டே தன் விதியைத் திருத்திருச்சு. நீளமா இருக்கட்டும், காரணமில்லாம மாத்தச் சொல்லாதே, ஏற்கெனவே கசிஞ்சு ஊர் சுத்தற பாஸ்வேர்டா இருந்தா மட்டும் வேண்டாம்னு சொல்லுன்னு எழுதிட்டாக. பர்ரும் அதே வருசம், தான் செஞ்சதுல நெறையத்துக்கு இப்ப வருத்தப்படறதாப் பத்திரிகையில சொன்னார். பெரிய மனுசன். என் பாங்கிக்குத்தான் அந்தத் தாக்கல் இன்னும் வந்து சேரல.

இதை ஏன் சொல்றேன்னா, ஒங்க ஆளுககிட்டச் சந்தேகம் நெறைய இருக்கு. அதை எங்க கொண்டுபோய்ச் செலவழிக்கறதுன்னுதான் தெரியல. பென்சன் வாங்கற கெழவன் தலையில பூராவையும் கொட்டறீக. ஒங்க வீட்டுக்குள்ள கூடை சுமந்துக்கிட்டு வாரவனை, நீ யாருப்பான்னு ஒருத்தரும் கேக்கறதில்லை.

நீயே ஒரு நாள் சொன்ன: "நான் எழுதினது கொஞ்சம், இறக்கின பேக்கேஜ்தான் நெறைய." சிரிச்சுக்கிட்டே சொன்ன. பேக்கேஜ்னா அடுத்தவன் எழுதிப் பொதுவுல வச்ச கோடு. அந்தப் பழக்கத்தால 2016 மார்ச்சுல ஒரு கூத்து நடந்தது. அஸெர் கோச்சுலுன்னு ஒரு புரோகிராமர், 'கிக்'னு ஒரு பேக்கேஜ் வச்சிருந்தார். அதே பேருல இருந்த ஒரு மெசேஜ் கம்பெனி, பேரை எங்களுக்குக் குடுன்னது. இவர் மாட்டேன்னார். பேக்கேஜ் சந்தை நடத்தற என்.பி.எம். ஆளுக, பேரைப் பிடுங்கிக் கம்பெனிகிட்டக் குடுத்துட்டாக. மனுசனுக்கு ரோசம் வந்திருச்சு. அங்க வச்சிருந்த தன்னோட சரக்கு 273-ஐயும் வாரிக்கிட்டு வெளியேறிட்டார். அதுல ஒண்ணு லெஃப்ட்-பேட். மொத்தம் 11 வரி. ஒரு சொல்லுக்கு எடது பக்கம் எடத்தை நெரப்பும், வேற சோலி கெடையாது. அதை நம்பி இன்னொண்ணு, அதை நம்பி பேபெல்னு ஒரு பெரிய சாமான், பேபெலை நம்பி ஊரே. ஒலகம் பூரா பில்டு படுத்துக்கிச்சு. கடைசியில, அவர் எடுத்துட்டுப் போனதை எடுக்கலைன்னு ஆக்கிப் பழையபடி வச்சாக. பதினோரு வரி எழுதத் தெரியாமலா இறக்கினீக? தெரியும். எழுதினா பொறுப்பு நம்மது. இறக்கினா எவனோ ஒருத்தனோடது.

அவர் கோவக்காரர். கோவக்காரனால வார கேடு சீக்கிரம் தெரிஞ்சுரும், சரிபண்ணிரலாம். பொறுமைசாலி ஒருத்தன் வந்தான், அவன் கதையைக் கேளு.

எக்ஸ்-இசட்னு ஒரு சாமான். கோப்பைச் சுருக்கி மடிக்கிற வேலை. லினக்ஸ் ஓடற எடத்துல அநேகமா எல்லாத்துலயும் அது உண்டு. பின்லாந்துக்காரர் லாசே காலின் அதை ஒத்தை ஆளாப் பாத்துக்கிட்டிருந்தார். சம்பளம் கெடையாது. 2021-ல ஜியா டான்னு ஒருத்தன் வந்தான். மூஞ்சி கெடையாது, குரல் கெடையாது, பேரு மட்டும். திருத்தம் எழுதிக் குடுத்தான். நல்ல திருத்தமாத்தான் இருந்தது. 2022-ல வேற சில பேருக எங்கிருந்தோ மொளச்சு வந்து காலினை நெருக்கினாக. வேலை மெதுவா நடக்குது, ஒமக்கு ஆர்வம் போயிருச்சு, வேற ஆளுகிட்ட விடும்னு. காலின் பதில் எழுதினார்: ரொம்ப நாளா மனசு சரியில்லை, இது சம்பளமில்லாம செய்யிற வேலை, அதையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்கன்னு. இந்த எடத்துல தம்பி வாசிக்கறதை நிறுத்திட்டான். நானும் ஒண்ணும் பேசல. பொறவு காலின் பொறுப்பை யாருகிட்டக் குடுத்தார்? பக்கத்துல ஒத்தாசையா நின்னவன்கிட்ட. வேற யாரு இருந்தா?

2024 பிப்ரவரியில ஒரு வெளியீடு, மார்ச்சுல ஒண்ணு. அதுக்குள்ள கள்ளச் சரக்கு. வெளிப்படையா வாசிக்கற கோடுல அவன் அதை வைக்கல. சோதனைக்குன்னு வேணுமின்னே கெடுத்து வச்சிருந்த கோப்புக்குள்ள ஒளிச்சு வச்சான். கெட்டுப்போனதை யாரு தொறந்து பாப்பா? பில்டு பண்ணும்போது அது எந்திரிச்சு வந்து, தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நொழையிற எஸ்.எஸ்.எச். வாசல்ல போய் உக்காந்துக்கிடும். அதைத் தொறக்கற சாவி அவன் ஒருத்தன்கிட்ட மட்டும். இன்னொரு திருடன் வந்தாத் தொறக்க முடியாது. கேட்டதும் எனக்கு ஒரு நிமிசம் மரியாதையே வந்திருச்சு. ஒங்க தொழில்ல ஒழுங்காப் பூட்டுப் போட்டவன் அவன் ஒருத்தன்தான் போல.

பிடிச்சது யாரு? காவலுக்குன்னு காசு வாங்கற கம்பெனி எதுவும் இல்லை. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்னு மைக்ரோசாஃப்ட்ல வேலை பாக்கிற ஒருத்தர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுதறவர். தன் சோலிக்காக வேகத்தை அளந்துக்கிட்டிருந்தவருக்கு, லாகின் அரை வினாடி தாமதமாகுதேன்னு பட்டிருக்கு. அரை வினாடி! நீயா இருந்தா நெட்டு ஸ்லோன்னு சொல்லிட்டு டீக்குடிக்கப் போயிருப்ப. அவர் போகல. தோண்டிக்கிட்டே போய், மார்ச் 29-ஆம் தேதி ஊருக்குச் சொல்லிட்டார். சரக்கு டெபியன், ஃபெடோரா மாதிரி லினக்ஸ் வகைகள்ல சோதனைப் பதிப்போட நின்னுபோச்சு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ஒலகத்துச் சர்வர் பாதி அவன் மடியில. ஜியா டான் யாரு, ஒருத்தனா ஒரு கூட்டமா, இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

நம்ம அம்மன் கோயில் நகைப்பெட்டிக்கு மூணு பூட்டு. மூணு சாவியும் மூணு வீட்டுல. அந்த மூணு பேரும் ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்கமாட்டான். அப்படி ஆளாத் தேடிப் பாத்துத்தான் சாவியைக் குடுத்திருக்கு. சிநேகிதனா இருந்தா, "ஒன் சாவியையும் நீயே வச்சுக்க மாப்ளே"ன்னு குடுத்துட்டுப் போயிருவான்ல? பெருசுக ஒண்ணும் கோட்டிக்காரங்க இல்லை. நீங்க ஒலகத்துக்கே பெட்டி செஞ்சு, சாவியை ஒத்தை ஆளு கையில குடுத்து, அவனுக்குக் கூலியும் குடுக்காம, அவனுக்கு மனசு ஒடைஞ்சப்ப ஏன்னு ஒரு வார்த்தையும் கேக்கல.

கம்பெனிக்காரக கையில காசு இல்லாமலா? பிரவுசர்ல பூட்டுப் படம் போட்டுக் காட்டினாகளே, அதுக்குப் பின்னாடி அநேக சர்வர்கள்ல வேலை செஞ்ச ஓப்பன்-எஸ்.எஸ்.எல். சாமானுக்கு வருசத்துல நன்கொடையா வந்தது சுமார் 2,000 டாலர். 2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட்னு அதுல ஓட்டை தெரிஞ்சு சந்தி சிரிச்சது. அதுக்குப் பொறவுதான் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் எல்லாரும், இந்த மாதிரிப் பொதுச் சாமானுகளுக்கு ஆளுக்கு வருசம் 1 லட்சம் டாலர் 3 வருசத்துக்குத் தாறோம்னு சொன்னாக. ஒங்க ஆபீசுல ஓசிக் காபிக்கு ஆகிற செலவு அதைவிடக் கூட இருக்கும்னு நெனக்கேன். அதுக்காக அவகளைக் கெட்டவகன்னு சொல்லமாட்டேன். ஓசியில கெடச்சா நான் மட்டும் வேண்டாம்னா சொல்லப்போறேன்?

காசு குடுத்துக் காவலுக்கு வச்ச ஆளாவது ஒழுங்கா இருந்தானான்னா, அது இதைவிடப் பெரிய கூத்து. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக்னு பாதுகாப்புக் கம்பெனி. அவக சாமான் விண்டோசோட அடி மடியில உக்காந்திருக்கும். ஒரு பொழுதைக்குள்ள எத்தனை அப்டேட் வந்தாலும் யாரும் ஏன்னு கேக்கறதில்லை. நம்ம நேரத்துக்குக் காலை ஒன்பதரை மணிப்போல ஒண்ணு அனுப்பினாக. விதி 21 கட்டத்தைக் கேட்டது; கையில இருந்தது 20. இல்லாத இருபத்தொண்ணாவதை எட்டி எடுக்கப் போய், கம்ப்யூட்டர் நீலமா விழுந்திருச்சு. ஒண்ணு ரெண்டு இல்லை, 85 லட்சம். விமானம் நின்னுது, ஆஸ்பத்திரியில வேலை நின்னுது, பாங்கி நின்னுது. நம்ம நாட்டு விமான நிலையத்துல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாக. நல்ல கையெழுத்துன்னு தம்பி படத்தைக் காட்டினான். அனுப்பினதை ஒண்ணேகால் மணி நேரத்துல நிறுத்திட்டாக. ஆனா விழுந்தது விழுந்ததுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டர்கிட்டயும் ஆளு நேர்ல போய், சேஃப் மோடுல எழுப்பி, ஒரு கோப்பை அழிக்கணும்.

இதுல எனக்குப் பிடிச்சது கடைசியில நடந்ததுதான். கூட வேலை பாத்த கூட்டாளிகளுக்கு வருத்தம் தெரிவிச்சு, காபி குடிச்சுக்கோங்கன்னு 10 டாலருக்கு ஊபர் ஈட்ஸ் கூப்பன் அனுப்பினாக. அதைப் போட்டுப் பாத்த சில பேருக்குச் செல்லாதுன்னு வந்தது. ஏன்னா, இத்தனை பேரு ஒரே கூப்பனைப் போடறாகளே, இது மோசடின்னு ஊபர் மிஷினு சந்தேகப்பட்டிருச்சு. அந்த வாரம் பூரா சந்தேகப்பட வேண்டிய எடத்துல சந்தேகப்பட்டது அது ஒண்ணுதான்.

85 லட்சத்துக்கும் ஒரே மூச்சுல அனுப்பினது ஏன்? மொதல்ல நூத்துக்கு அனுப்பி, ஒரு வெத்தலை போடற நேரம் காத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பொறவு அவகளும், இனிமே கொஞ்சங் கொஞ்சமாத்தான் அனுப்புவோம்னு சொல்லியிருக்காக. நல்லது.

அந்த இருபத்தொண்ணாவது கட்டம் புதுத் தப்பும் இல்லை. 1988 நவம்பர்ல ராபர்ட் மோரிஸ்னு ஒரு மாணவன் விட்ட புழு, அன்னைக்கு இருந்த இணையத்துல ஒரு பகுதியை முடக்கினது. அது நொழைஞ்ச வழிகள்ல ஒண்ணு, எத்தனை எழுத்து வருதுன்னு எண்ணிப் பாக்காம வாங்கிக்கிட்ட ஒரு புரோகிராம். அவனோட அப்பா அமெரிக்க உளவுத்துறையில கம்ப்யூட்டர் பாதுகாப்பு விஞ்ஞானி. பய பொறவு எம்.ஐ.டி.யில பேராசிரியர் ஆயிட்டான். குடும்பத் தொழில். ஹார்ட்பிளீடும் எண்ணாத தப்புதான்: இத்தனை எழுத்தைத் திருப்பிக் குடுன்னு கேட்டா, வந்தது எத்தனைன்னு பாக்காம, பக்கத்துல கெடந்த அடுத்தவன் ரகசியத்தையும் சேத்து அள்ளிக் குடுத்தது. 1988, 2014, 2024. ஒண்ணாங் கிளாசுல கத்துக்குடுத்த எண்ணிக்கை.

ஒடனே நீ, "அதுக்குத்தான் தாத்தா ரஸ்ட் வந்திருக்கு"ன்னு எந்திரிச்சு நிப்ப. தெரியும். கிரேடன் ஹோர்னு ஒருத்தர், கனடாவுல வான்கூவர்க்காரர். 2006-ல அவர் குடியிருந்த கட்டடத்துல லிஃப்டோட சாஃப்ட்வேர் படுத்துக்கிச்சு. இவர் வீடு 21-ஆம் மாடி. ஏறிப் போற வழியில வந்த எரிச்சல்ல பொறந்த மொழின்னு சொல்றாக. மூட்டு வலியில இருந்து ஒரு நல்ல காரியம் நடந்திருக்குன்னா சந்தோசம். பெரிய ஓட்டைகள்ல 70 சதவீதம் போல இந்த மெமரித் தப்புதான்னு மைக்ரோசாஃப்டும் கூகுளும் தங்க கணக்கைப் பாத்தே சொல்லியிருக்காக. அதைத் தடுக்கற மொழியில எழுதறது புத்திசாலித்தனம், எழுது. ஆனா ஒண்ணு கேக்கறேன், ஜியா டானை ரஸ்ட் தடுத்திருக்குமா? அவன் எண்ணிக்கையில தப்புப் பண்ணல எய்யா. நம்ம எண்ணத்தைச் சரியா எண்ணி வச்சிருந்தான்.

மத்த மோஸ்தர்களைப் பத்தி ரொம்பப் பேசமாட்டேன். புரோகிராம் எழுதற முறையைப் பத்தி 2001-ல 17 பேர் பனிமலையில கூடி எழுதின அஜைல் காகிதம் ஒரு பக்கம்கூட வராது. அதுக்கு ஒங்க ஆபீசுல எத்தனை பட்டம், எத்தனை பயிற்சி! நின்னுக்கிட்டே பேசினா சுருக்கா முடியும்னு ஸ்டாண்ட்-அப் வச்சாகளாம். நீ கட்டில்ல சாஞ்சுக்கிட்டே முக்கால் மணி நேரம் ஸ்டாண்ட்-அப் பேசினதை இந்தக் காதால கேட்டேன். மைக்ரோசர்வீஸ்னு எல்லாத்தையும் துண்டு துண்டா நறுக்கினீக. 2023-ல அமேசானோட பிரைம் வீடியோ ஆளுக, அப்படி நறுக்கி வச்ச ஒண்ணைத் திரும்பச் சேத்துவச்சதும் செலவு 90 சதவீதம் கொறஞ்சதுன்னு எழுதினாக. நறுக்கினதை வைக்க எடம் வாடகைக்கு விடறதும் அதே அமேசான்தான். இப்ப ஏ.ஐ.யை எழுதச் சொல்றீக. அது சில நேரம் இல்லாத பேக்கேஜுக்கும் பேரு சொல்லுதாம். அந்தப் பேருல எவனாவது முந்திக்கிட்டு நஞ்சை வச்சிருந்தா, நீ வாசிக்காம இறக்குவ. ஒன் பழக்கம்தான் எனக்குத் தெரியுமே.

என்னைய ஏமாத்த வாரவன் நேரா போன்ல வாரான். போன மழைக்கு முந்தி ஒருத்தன் வீடியோவுல போலீஸ் சட்டையோட வந்து, ஒம்ம பேருல பம்பாயில போதைப்பொருள் பார்சல் பிடிச்சிருக்கு, நீர் டிஜிட்டல் அரெஸ்டுன்னான். கேமராவை விட்டு நகரக் கூடாதாம். சரி ஐயான்னு சொல்லி, போனைக் கொண்டுபோய்த் தொழுவத்துல பசுமாட்டுக்கு நேரா சாத்தி வச்சிட்டு, குளிக்கப் போயிட்டேன். எம்புட்டு நேரம் அதை விசாரிச்சானோ. அந்த மாதிரி அரெஸ்டு நம்ம சட்டத்துலயே கெடையாது. எவனாவது காசைப் பிடுங்கிட்டான்னா ஒடனே 1930-க்குப் போன் போடணும். இது எனக்கே தெரியும்.

எனக்குத் தெரிஞ்ச அளவுகூடக் கம்பெனிகளுக்குத் தெரியல. அமெரிக்காவுல ஈக்விஃபேக்ஸ் தெரியும்ல? ஊரோட கடன் கணக்கையெல்லாம் வச்சிருக்கிற கம்பெனி. அவக வச்சிருந்த சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டை; 2017 மார்ச்சுல அதை அடைக்க மருந்து வந்தாச்சு. அவக போடல. 14 கோடியே 70 லட்சம் பேரோட விவரம் களவு போச்சு. பொறவு, பாதிக்கப்பட்டவங்க இங்க வந்து பாருங்கன்னு தனியா ஒரு வெப்சைட் தொறந்தாக. அதே மாதிரிப் பேரை மாத்திப் போட்டு, பாருங்க எம்புட்டு லேசா ஏமாத்தலாம்னு காட்ட ஒரு புரோகிராமர் போலி சைட் ஒண்ணு வச்சார். கம்பெனி என்ன செஞ்சது தெரியுமா? தன்னோட ட்விட்டர்ல அந்தப் போலி விலாசத்தையே சனங்களுக்குக் குடுத்தது. ஒரு தடவை இல்லை, பல தடவை. இப்படிப்பட்ட கம்பெனிகதான் எனக்கு, சந்தேகமான லிங்கைத் தொடாதேன்னு பாடம் நடத்துது.

ஒன்னைத் தொழிலை விடுன்னு சொல்லல. எறக்கறதைக் கொறை. எறக்கினதை வாசி. அரை வினாடி தாமதமானா ஏன்னு கேக்கறவனைக் கேலி பண்ணாதே. வெள்ளிக்கிழமை எதையும் அனுப்பாதே. அனுப்பினா எல்லாருக்கும் அனுப்பாதே.

காலின் திரும்பி வந்து, அந்தக் கள்ளச் சரக்கைப் பொறுக்கி எடுத்துட்டு, 2024 மே மாசம் 5.6.2-ஐ வெளியிட்டார். அதுக்குப் பொறவும் அந்த வேலையை விடல. ஒன் கம்பெனி சர்வர்லயும் அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அடுத்த கூட்டத்துல மேனேஜரைக் கேளு: நாம யாரு யாரு எழுதினதை வச்சுப் பொழைக்கிறோம், அவகள்ல யாருக்கு இதுவரைக்கும் என்ன குடுத்திருக்கோம்? கேக்க வெக்கமா இருந்தா, தாத்தா கேக்கச் சொன்னார்னு சொல்லிரு.